லாவெண்டர் வளர்க்க ஆசையா? முதலில் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள்!

மொபைலில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கண்ணுக்கு எட்டிய வரை ஊதா நிறத்தில் வரிசை வரிசையாகப் பூக்கள், நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை, ஓரத்தில் ஒரு பழைய கல் கட்டடம். 'நம்ம வீட்டு மாடியில ஒரே ஒரு தொட்டியாவது வைக்கணும்' என்று அந்தப் படம் ஆசை காட்டும். எனக்கும் காட்டியது.

எனக்கு அந்த ஆசையோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை. லாவெண்டர் வாசனை நல்ல தூக்கம் தரும் என்று எங்கோ படித்தேன். குப்பியில் வாங்கும் எண்ணெயைவிட, அம்மா கையாலேயே ஒரு செடியை வளர்த்தால் பொழுதும் போகுமே என்று நினைத்தேன். சென்னையில் மொட்டை மாடி இருக்கிறது, வெயிலுக்கும் பஞ்சமில்லை. வேறென்ன வேண்டும்?

ஒன்றரை வருடத்தில் மூன்று முறை வைத்தோம். மூன்று முறையும் செடி செத்துப்போனது. நான்காவது செடிதான் பிழைத்தது. அந்த மூன்று சாவுக்கும் காரணம் புரிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் அந்தப் பணத்தையும் மனக்கஷ்டத்தையும் மிச்சம் பிடிக்கலாம்.

துளசிக்குச் சொந்தம்... குணம் மட்டும் வேறு!

லாவெண்டர் நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. துளசி, புதினா, கற்பூரவல்லி, திருநீற்றுப் பச்சிலை, ரோஸ்மேரி எல்லாம் இருக்கும் அதே குடும்பம்தான். தண்டைத் தடவிப் பார்த்தால் துளசித் தண்டு போலவே நான்கு பட்டையாக இருக்கும். இலையைக் கசக்கினாலே வாசனை வரும்.

சொந்தக்காரர்கள் என்பதால் ஒரே மாதிரி கவனித்தால் போதும் என்று நினைத்தேன். முதல் தவறு அதுதான். புதினா ஈரத்தில் செழிக்கும். துளசிக்குத் தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது நம் வழக்கம். லாவெண்டரோ மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் பிறந்தது. அங்கே மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். கோடை முழுக்க வறட்சி. மண்ணில் சத்து குறைவு, கல்லும் சுண்ணாம்பும் அதிகம். பெய்த மழை நிற்காமல் வழிந்து ஓடிவிடும்.

அதன் இலையைக் கவனித்துப் பாருங்கள். மெலிந்து, சாம்பல் பூத்த பச்சையாக, மேலே மெல்லிய ரோமங்களோடு இருக்கும். தண்ணீரை வீணாக்காமல் பிடித்து வைத்துக்கொள்ள இயற்கை செய்த ஏற்பாடு அது. அப்படிப்பட்ட செடிக்குத் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் ஆனதுதான் ஆகும்.

மூன்று செடி, மூன்று பாடம்

முதல் முறை ஆன்லைனில் விதை வாங்கினேன். பாக்கெட்டில் 50 விதை. வந்த அன்றே தொட்டியில் தூவி, மேலே மண் போட்டு மூடினேன். ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்ததில் நான்கே நான்கு முளைத்தன. விரல் நீளம் வளர்ந்ததும் அடித்தண்டு நைந்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன.

இரண்டாம் முறை நர்சரியில் பூத்த செடியாகவே வாங்கினேன். கத்திரி, தக்காளிக்குப் போடும் அதே கலவைதான் போட்டேன். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் தாராளமாக. அம்மா காலையும் மாலையும் பாசத்தோடு தண்ணீர் ஊற்றினார். பத்து நாளில் இலை வாடித் தொங்கியது. 'தாகம் போல' என்று இன்னும் ஊற்றினோம். மூன்றாவது வாரம் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகிய நாற்றம் அடித்தது.

மூன்றாம் முறை மண் கலவையைச் சரி செய்தோம். ஆனால், நட்டது அக்டோபரில். வடகிழக்குப் பருவமழை விடாமல் அடித்தது. அவ்வளவுதான்.

குன்னூரில் இருக்கும் பெரியம்மா வீட்டு வாசலில், இதே லாவெண்டர் ஏழெட்டு வருடமாகப் புதர் போல நிற்கிறது. "என்ன பெரியம்மா போடுறீங்க?" என்று போனில் கேட்டேன். "ஒண்ணும் போடறதில்ல கண்ணு. அதைக் கொஞ்சம் கண்டுக்காம விட்டாத்தான் வளரும்" என்றார்.

எல்லாம் லாவெண்டர்தான்... ஆனால், ஒன்றல்ல!

லாவெண்டரில் 40-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கடைக்குப் போகும் முன் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

இங்கிலீஷ் லாவெண்டர்: பெயரில்தான் இங்கிலீஷ். பிறந்தது தெற்கு ஐரோப்பிய மலைகளில். மென்மையான, இனிப்பான வாசனை. வாசனை எண்ணெய்க்கும் சமையலுக்கும் பெயர் பெற்றது இதுதான். நன்றாகப் பூக்கக் குளிர்காலம் வேண்டும். சமவெளியில் வளர்ப்பது மிகவும் கஷ்டம்.

பிரெஞ்சு லாவெண்டர்: இலை ஓரம் ரம்பம் போல வெட்டுப்பட்டிருக்கும். பூவின் உச்சியில் சின்ன ஊதாக் குடுமி. வாசனையில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும். வெப்பத்தை ஓரளவு தாங்கும். குளிருக்காகக் காத்திருக்காமல் பூக்கும்.

ஸ்பானிஷ் லாவெண்டர்: பூவின் தலையில் முயல் காது போல இதழ்கள் நிற்கும். பார்க்க அழகு. இதுவும் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் காற்றில் ஈரம் கூடினால் திணறும்.

ஃபெர்ன் இலை லாவெண்டர்: இலை, கேரட் இலை போலப் பிரிந்து பிரிந்து இருக்கும். சமவெளி நர்சரிகளில் பூத்த நிலையில் பெரும்பாலும் கிடைப்பது இந்த வகைதான். வெப்பத்தில் வளரும், அடிக்கடி பூக்கும். ஆனால், வாசனை பீட்சாவில் தூவும் ஓரிகானோவை நினைவூட்டும். 'சோப்பு வாசனையே வரலையே' என்று ஏமாறாதீர்கள். செடி போலி அல்ல, இனம் வேறு.

நிஜமான போலியும் உண்டு. நீல சால்வியா என்ற அழகுச் செடியின் பூங்கொத்து, தூரத்தில் பார்த்தால் லாவெண்டர் போலவே இருக்கும். எளிய சோதனை: இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். லாவெண்டர் என்றால் பூ இல்லாதபோதும் இலை மணக்கும்.

உங்கள் ஊருக்கு ஒத்துவருமா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வாசிகள் கவலையே பட வேண்டாம். இங்கிலீஷ் லாவெண்டரையும் தைரியமாக வைக்கலாம். மழைக்காலத்தில் வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஏற்காட்டிலும் முயன்று பார்க்கலாம். ஓசூர், பெங்களூரு போன்ற மிதமான ஊர்களில் பிரெஞ்சு, ஸ்பானிஷ் வகைகள் நன்றாக வரும்.

கோவை, சேலம், மதுரை, திருச்சியில் பிரெஞ்சு அல்லது ஃபெர்ன் இலை வகை. சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில்தான் சவால் அதிகம். வெயிலைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் இங்கே பெரிய எதிரி. வைக்கவே முடியாது என்றில்லை. பல வருடம் நிற்கும் புதராக எதிர்பார்க்காமல், டிசம்பர் முதல் மார்ச் வரை பூக்கும் குளிர்காலச் செடியாக நினைத்து வையுங்கள். அதைத் தாண்டி உயிரோடிருந்தால் லாபம்.

விதையா, செடியா, குச்சியா?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் சிபாரிசு, செடி. அடுத்தது குச்சி. கடைசியாகத்தான் விதை.

விதையில்தான் தொடங்குவேன் என்பவர்களுக்கு ஒரு ரகசியம். இங்கிலீஷ் லாவெண்டர் விதைக்கு, 'குளிர்காலம் முடிந்துவிட்டது' என்று தெரிந்தால்தான் முளைக்கத் தோன்றும். நாம் அதை ஏமாற்ற வேண்டும். லேசாக ஈரப்படுத்திய மணலில் விதையைக் கலந்து, ஜிப் கவரில் போட்டு, ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு வாரம் வையுங்கள். ஃப்ரீசரில் அல்ல, காய்கறி வைக்கும் தட்டில். பிறகு எடுத்து மண்ணின் மேல் தூவி, லேசாக அழுத்தினால் போதும். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பதால் மேலே மண் போட்டு மூட வேண்டாம். முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சமவெளியில் டிசம்பர், ஜனவரிதான் இதற்குச் சரியான நேரம்.

குச்சி நடுவது இன்னும் சுலபம். பூ வராத இளந்தண்டில் மூன்று, நான்கு அங்குலத்துக்கு வெட்டுங்கள். கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, மணல் அதிகம் கலந்த மண்ணில் செருகி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். பத்துக் குச்சி வைத்தால் பாதி பிழைக்கும் என்ற மனநிலையோடு வையுங்கள்.

மண் ஏழையாக இருக்கட்டும்

தொட்டிக்கு மண் தொட்டியே சிறந்தது. அதன் சுவர் வழியாக ஈரம் ஆவியாகும். பிளாஸ்டிக் தொட்டியிலும் குரோ பேக்கிலும் ஈரம் அதிக நேரம் நிற்கும். எட்டு முதல் பத்து அங்குலத் தொட்டி போதும். 'வளருமே' என்று முதலிலேயே பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். வேர் போகாத இடத்து மண்ணில் ஈரம் தங்கி, வேரை அழுக வைக்கும்.

எங்கள் நான்காவது செடிக்குப் போட்ட கலவை இது: செம்மண் இரண்டு பங்கு, கழுவிய பருமணல் இரண்டு பங்கு, பொடி ஜல்லி அல்லது உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அரைப் பங்கு. கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. தேங்காய் நார்க்கழிவு வேண்டாம். அது தண்ணீரைப் பிடித்து வைக்கவென்றே இருப்பது. இந்தச் செடிக்கு அதுதான் ஆகாது.

லாவெண்டருக்குப் புளிப்பு மண் பிடிக்காது. உங்கள் ஊர் மண் அப்படி என்றால், பொடித்த முட்டை ஓடு அல்லது ஒரு சிட்டிகை சுண்ணாம்புத் தூள் கலக்கலாம். மேல் மண்ணை இலைச் சருகால் மூடாமல், சின்னக் கூழாங்கற்களைப் பரப்புங்கள். அடித்தண்டு ஈரம் படாமல் உலர்ந்திருக்கும்.

நட்ட பிறகு உரத்தை மறந்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி தொழு உரம் போதும். சத்து கூடினால் இலைதான் கொழுக்கும், பூ வராது.

வாடினால் ஊற்றாதீர்கள்... தொட்டுப் பாருங்கள்!

எங்களை ஏமாற்றிய இடம் இதுதான். தண்ணீர் போதாத செடியும் தொங்கும், தண்ணீர் மிஞ்சிய செடியும் தொங்கும். மண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சு முட்டும் வேர், நீரை உறிஞ்சும் சக்தியை இழக்கும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும், செடியோ தாகத்தில் வாடும். அதற்கு மேலும் ஊற்றினால் பூஞ்சை வந்து வேலையை முடித்துவிடும்.

அதனால், விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் திரும்பிப் போய்விடுங்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும், அடித் துளை வழியாக வடியும் வரை ஊற்றுங்கள். குளிர்காலத்தில் வாரம் ஒரு முறையே போதுமானதாக இருக்கும். கோடையில் தொட்டி சீக்கிரம் காயும், அப்போதும் விரலைத்தான் கேட்க வேண்டும். புதிதாக நட்ட செடிக்கு முதல் சில வாரம் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. தண்ணீர் மண்ணில் விழட்டும், இலைமேல் தெளிக்க வேண்டாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால், மழைநீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

சமவெளிக்கு ஒரு காலண்டர்

டிசம்பர் கடைசி - பிப்ரவரி: மழை ஓய்ந்ததும் செடி வாங்கி நட ஏற்ற நேரம். தினமும் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். வீட்டுக்குள் மேஜை மேல் அழகுக்கு வைத்தால் செடி நோஞ்சானாகிவிடும்.

மார்ச் - ஜூன்: காலை வெயில் போதும். மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடத்துக்கு மாற்றுங்கள் அல்லது நிழல்வலை கட்டுங்கள். சுடும் தளத்தில் நேரடியாக வைக்காமல், இரண்டு செங்கல்லின் மேல் தொட்டியை ஏற்றி வையுங்கள்.

ஜூலை - செப்டம்பர்: அவ்வப்போது மழை பெய்யும் காலம். பூஞ்சை வரும். செடிகளை நெருக்கி வைக்காமல், இடையே காற்று போக வழிவிடுங்கள்.

அக்டோபர் - டிசம்பர்: கடலோர மாவட்டங்களில் செடிக்குப் பரீட்சைக் காலம். மழைச் சாரல் படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். எங்கள் வீட்டில் பால்கனி ஓரம்.

கத்தரிக்கோல் தயங்கக் கூடாது

ஒவ்வொரு முறை பூத்து முடிந்ததும் பூத்தண்டோடு சேர்த்து, செடியின் பச்சைப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்யுங்கள். விட்டுவிட்டால் அடிப்பகுதி கட்டையாகி, நடுவில் வெறுமையாகப் பிளந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: இலையே இல்லாத பழுப்பு நிறக் கட்டை வரை வெட்டிவிடாதீர்கள். அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது.

பறிப்பதும் பயன்படுத்துவதும்

கதிரில் கீழே உள்ள சில பூக்கள் விரிந்து, மற்றவை மொட்டாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். காலையில் பனி காய்ந்த பிறகு தண்டோடு வெட்டி, சின்னக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு, காற்றோட்டமான இருட்டு அறையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். உதிர்த்து மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, பீரோவில் துணிகளுக்கு இடையே வைக்கலாம்.

மாடியில் காய்கறியும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: லாவெண்டர் பூத்தால் தேனீ வரும். தேனீ வந்தால் பூசணியும் பாகலும் நன்றாகக் காய்க்கும்.

சில எச்சரிக்கைகள். சமையலுக்கு ஏற்றது இங்கிலீஷ் லாவெண்டர் மட்டுமே, அதுவும் மருந்து தெளிக்காத பூவை, சிட்டிகை அளவு. கற்பூர நெடி உள்ள மற்ற வகைகள் வேண்டாம். வாசனை எண்ணெயை ஒருபோதும் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் எண்ணெயைப் பயன்படுத்த வேண்டாம். வீட்டில் நாய், பூனை இருந்தால் செடியை அவற்றுக்கு எட்டாமல் வையுங்கள். தின்றால் அவற்றுக்கு ஆகாது.

மக்காச்சோளம் போய் லாவெண்டர் வந்த ஊர்

லாவெண்டருக்குப் பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதிதான் உலகப் புகழ். நம் நாட்டில் அதற்கொரு ஊர் இருக்கிறது. ஜம்முவின் தோடா மாவட்டத்தில் உள்ள பதர்வா. மலைச்சரிவில் மக்காச்சோளம் பயிரிட்டு வந்த விவசாயிகளில் பலர், மத்திய அரசின் 'அரோமா மிஷன்' திட்டம் வந்த பிறகு லாவெண்டருக்கு மாறினார்கள். ஜம்முவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர் ஆய்வு நிறுவனம் செடிகளையும் பயிற்சியையும் தந்தது. 'ஊதாப் புரட்சி' என்று பெயர் வந்தது. 2022 மே மாதம் அங்கே லாவெண்டர் திருவிழாவே நடந்தது. 2024 குடியரசு தின அணிவகுப்பில் சி.எஸ்.ஐ.ஆரின் அலங்கார ஊர்தியும் இந்த ஊதா வயலைத்தான் காட்டியது.

இதைப் படித்துவிட்டு, 'நம்ம ஊர்லயும் ஏக்கர் கணக்கில் போடலாமே' என்று யாராவது கிளம்பினால் கொஞ்சம் நில்லுங்கள். பதர்வாவில் குளிர்காலத்தில் பனி பெய்யும். ஒரு சின்னக் குப்பி எண்ணெய்க்கே கிலோ கணக்கில் பூ வேண்டும். சமவெளியில் லாவெண்டர், தொட்டி அளவுக்கான ஆசைதான். அதற்கு மேல் முதலீடு செய்யச் சொல்லி யாராவது வந்தால் யோசியுங்கள்.

நான்காவது செடி

குன்னூர் போனபோது பெரியம்மா பத்துக் குச்சி வெட்டிக் கொடுத்தார். அவர் வீட்டில் இருப்பது பிரெஞ்சு வகை என்பதே அப்போதுதான் தெரிந்தது. நான்கு வேர் பிடித்தன. சென்னை வந்து இரண்டு மிஞ்சின. அதில் ஒன்று இப்போது பதினான்கு மாதச் செடி. ஒரு மழைக்காலத்தைப் பால்கனியில் தாண்டி, ஜனவரியில் பதினோரு கதிர் பூத்தது.

அம்மாவின் தூக்கம்? லாவெண்டர் வாசனை பற்றி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பலவும் சிறிய அளவிலானவை. மனதைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்ற அளவில்தான் சொல்ல முடியும், சிகிச்சைக்கு மாற்று அல்ல. நாங்களும் டாக்டரிடம் போனோம், அம்மாவின் தூக்கம் இப்போது தேவலை. அதில் செடிக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குத் தெரியாது.

"தைலம் மாதிரில்ல வாசனை அடிக்குது! இதுக்கு என் மரிக்கொழுந்தே தேவலை" என்று அம்மா இன்னமும் கிண்டல் செய்கிறார். மரிக்கொழுந்தும் ஒரு தொட்டியில் பக்கத்திலேயே வைத்துவிட்டோம். சென்னை வெக்கையில் லாவெண்டர் வராதவர்களுக்கு மரிக்கொழுந்து, திருநீற்றுப் பச்சிலை, வெட்டிவேர் மூன்றும் கைவிடாத வாசனைச் செடிகள்.

ஆனாலும் தினமும் காலை ஆறரைக்கு அம்மா முதலில் போய் நிற்பது லாவெண்டர் தொட்டியின் முன்னால்தான். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறார். "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, செம்புத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுகிறார்.